‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது?

‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ தொடரின் முதல் இரண்டு தொகுதிகளை வாசித்ததாகவும், ஒருவன் கூலி வாங்கிக்கொண்டு கொலை செய்வதைத் தவிர வேறெதையும் அவற்றில் காணவில்லை என்றும், இதை ஏன் தலைசிறந்த சாமுராய் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) என்று கொண்டாடுகிறார்கள் என்பது விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது புகழுக்குக் காரணம் கேட்கும் கேள்வி. ஆனால் உங்களை உறுத்துவது என்ன என்பது கடைசி வரியில்தான் தெரிகிறது: மூன்று வயதுப் பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துக் கொலைக்களத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு தகப்பனை நான் எதற்காக 28 தொகுதிகள் பின்தொடர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கே முதன்மையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்களை உறுத்திய அதே இடத்தில்தான் இந்தத் தொடரின் ஈர்ப்பு முழுவதும் குவிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் பல ஆண்டுகள் பத்திரிகைகளுக்குத் தூரிகையும் மையும் கொண்டு படம் வரைந்தவன். இப்போது சித்திரக்கதை வரைய விரும்பும் இளைஞர்களுக்குக் கற்பிக்கிறேன். பாடத்துக்காக இந்தத் தொடரின் பக்கங்களை மாணவர்களோடு உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆகவே படங்களைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும். தொடரை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே வாசித்தவன் என்பதால், மூல வசனங்களின் நயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வரலாற்றைப் பொறுத்தவரை, எது நிலைபெற்ற செய்தி, எது கதாசிரியரின் கற்பனை என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

தொடரை அறியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோக்குகாவா குலத்து ஷோகன்கள், அதாவது ராணுவ ஆட்சியாளர்கள், எடோவிலிருந்து (இன்றைய தோக்கியோ) ஜப்பானை ஆண்ட எடோ காலம். வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி ஆணையிடப்பட்ட பிரபுக்களின் பின்னால் நின்று, குத்துவாள் வயிற்றில் இறங்கியதும் தலையைச் சீவி அவர்களுடைய வேதனையை முடித்துவைக்கும் ஷோகனின் அதிகாரி, ஓகாமி இட்டோ. அந்தப் பதவியைத் தங்கள் குலத்துக்குக் கொண்டுவர விரும்பும் யாக்யூ ரெட்சுடோ சூழ்ச்சி செய்கிறார். ஓகாமியின் மனைவி கொல்லப்படுகிறாள். ஷோகனின் குலச்சின்னம் பொறித்த நினைவுப்பலகை ஒன்று அவன் வீட்டு வழிபாட்டு இடத்தில் ஒளித்துவைக்கப்பட்டு, இறந்தவர்களுக்குரிய அந்தப் பலகையை வைத்து அவன் ஷோகனின் சாவை வேண்டி வழிபட்டான் என்று குற்றம் சாட்டப்படுகிறது. மானத்தோடு சாக வழி இருந்தும் அவன் அதை மறுக்கிறான். பேய்களும் அரக்கர்களும் நடக்கும் நரக வழி என்று தானே பெயர் சூட்டிய பாதையில், மகன் டைகோரோவைக் கைவண்டியில் வைத்துக்கொண்டு இறங்குகிறான். தலைக்கு 500 ரியோ தங்கம் கொடுப்பவர்களுக்காகக் கொல்கிறான். ரெட்சுடோவின் ஆட்கள் அவனைத் துரத்துகிறார்கள்.

கஸுவோ கோய்கே எழுதி, கோசெகி கோஜிமா வரைந்த இந்தக் கதை, ‘கோசுரே ஓகாமி’ என்ற பெயரில் ‘வீக்லி மாங்கா ஆக்‌ஷன்’ இதழில் 1970 முதல் 1976 வரை வெளிவந்தது. மொத்தம் 142 அத்தியாயங்கள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இருவரில் கோஜிமாவின் பின்னணியை அறிந்துகொள்வது உங்கள் கேள்விக்கு உதவும். 1928இல் பிறந்த அவர், திரையரங்குகளுக்கு விளம்பர ஓவியம் தீட்டியவர். பிறகு தோக்கியோவில், தெருவோரம் ஒரு மரப்பெட்டியில் படங்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்லும் காமிஷிபாய்க்காரர்களுக்குப் படம் வரைந்தவர். அதன் பிறகு வாடகைப் புத்தகக் கடைகளுக்கான மாங்காக்களை வரைந்தவர். காமிஷிபாயில் ஒரு படம் கூட்டத்தின் முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்த படம் எப்போது வரும் என்பது கதைசொல்லியின் கையில். எந்தப் படத்தை எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது என்ற அந்தக் கணக்கு கோஜிமாவின் கையில் ஊறிப்போயிருந்தது என்று இந்தத் தொடரின் பக்கங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. இது நான் பக்கங்களிலிருந்து ஊகிப்பது.

நீங்கள் “பக்கம் பக்கமாக ஒன்றும் நடப்பதில்லை” என்று குறைப்பட்ட பகுதிகளுக்கு இப்போது வருகிறேன். ஒரு வழக்கமான சண்டைக் காட்சியை இந்தத் தொடர் எப்படி அடுக்குகிறது என்று பாருங்கள். முதலில் நாணல் அடர்ந்த வெளி. காற்று வீசும் திசை புல்லின் சாய்விலிருந்தே தெரிந்துவிடுகிறது. அடுத்து வண்டியின் சக்கரம் மட்டும். பிறகு எதிரே நிற்பவர்களின் வைக்கோல் செருப்புகள், மண்ணில் பதிந்த பெருவிரல். ஓகாமியின் முகம் அநேகமாக அசைவதே இல்லை. வசனம் கிடையாது. இப்படி நான்கைந்து பக்கங்கள் ஓடிய பின் வாள் உறையிலிருந்து வெளிவரும் கட்டம் வருகிறது. வெட்டு விழும் கணம் சில நேரங்களில் வரையப்படுவதே இல்லை. வெட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நிலைகள்தான் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் நடந்ததை வாசிப்பவரின் கண் பூர்த்தி செய்துகொள்கிறது. சண்டை முடிந்த பிறகு மறுபடியும் அதே புல்வெளி, அதே காற்று.

மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, இப்படியொரு நாணல் பக்கத்தை அப்படியே பார்த்து வரைவது. ஆட்களை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் வரையச் சொல்வேன். பேனாவோடு உட்காருபவர்கள் சற்று நேரத்திலேயே தடுமாறுவார்கள். அருகிலிருக்கும் புல் மை நிறைந்த தூரிகையால் ஒரே இழுப்பில், அடியில் தடித்து நுனியில் கூராக வரையப்பட்டிருக்கும். தொலைவிலிருக்கும் புல்லோ, மை ஏறக்குறைய வற்றிப்போன தூரிகையைத் தாளில் உரசியது போல, நடுநடுவே வெள்ளை தெரியக் கிடக்கும். எண்ணி வரையப்பட்ட ஒரு புல்லிதழ்கூட அதில் இருக்காது. ஆனாலும் தூரமும் காற்றும் ஈரமும் துல்லியமாக இருக்கும். கோட்டைத் திருத்த வழியில்லாத வேலை இது. வார இதழின் கெடுவுக்குள் ஆறு ஆண்டுகள் ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. வேகமாகப் பக்கங்களைப் புரட்டுபவருக்கு இது பின்னணி அலங்காரமாகத் தெரியும். நின்று பார்ப்பவருக்கு, கதையின் பாதி இந்த நிலக்காட்சியில்தான் நடக்கிறது என்பது புரியும்: மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் அதே நேரத்தில் மழையும் பனியும் அறுவடையும் தம் போக்கில் வந்துபோகின்றன.

அடுத்து, கொலைகளுக்கு வருவோம். ஓகாமி கூலி வாங்கும்போது ஒரு நிபந்தனை வைக்கிறான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்: ஏன் கொல்லவேண்டும் என்ற காரணத்தை, எவ்வளவு பெரிய ரகசியமாக இருந்தாலும், முழுதாகச் சொல்லியாக வேண்டும். இதை அவனுடைய குணச்சித்திரம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் கோய்கேயின் கெட்டிக்காரத்தனத்தைத் தவறவிடுவோம். இந்த ஒற்றை விதியினால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு ஆட்சிப்பகுதியின் அந்தரங்கம் நமக்குத் திறக்கப்படுகிறது. வாரிசுச் சிக்கல், கஜானாவின் ஓட்டை, வரி தாங்காமல் கொதிக்கும் குடியானவர்கள், எடோ அரசுக்குத் தெரிந்தால் முழு ஆட்சிப்பகுதியுமே பறிபோகக்கூடிய ஓர் அவமானம் என்று எதுவாகவும் அது இருக்கலாம். இதற்கு உறுதியான வரலாற்று அடிப்படை உண்டு. டோக்குகாவா அரசு, வாரிசு இல்லாமல் இறந்த பிரபுக்களின் நிலத்தையும் ஒழுங்கு மீறியவர்களின் நிலத்தையும் உண்மையிலேயே பறிமுதல் செய்தது. அப்படி எசமானனை இழந்த சாமுராய்கள் ரோனின்களாகத் தெருவுக்கு வந்தார்கள். 1651இல் ரோனின்களின் சதி ஒன்று வெளிப்பட்ட பிறகுதான், மரணப் படுக்கையில் வாரிசைத் தத்தெடுக்கக் கூடாது என்ற தடை தளர்த்தப்பட்டது. ஆகவே இந்தக் கதைகளில் ஓர் அமைச்சர் தன் ஆட்சிப்பகுதியைக் காப்பாற்ற 500 ரியோவை எடுத்து நீட்டுவது வெறும் நாடகத்தனம் அல்ல. ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்கு வேண்டிய அரிசி ஒரு கொக்கு என்றும், ஒரு கொக்கு அரிசியின் விலை சுமார் ஒரு ரியோ என்றும் அன்று பொதுவாகக் கணக்கிட்டார்கள். விலை ஏறியிறங்கக்கூடியதுதான் என்றாலும், ஓர் உயிருக்கு விலையாக 500 பேரின் ஓராண்டு அரிசி கைமாறுகிறது என்று பொருள் கொள்ளலாம்.

வரலாறு எங்கே முடிந்து கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யாக்யூ குலத்தார் உண்மையில் வாழ்ந்தவர்கள். யாக்யூ முனேநோரி ஷோகன்களுக்கு வாட்பயிற்சி கொடுத்த ஆசான். ரெட்சுடோ என்ற பெயரில் முனேநோரிக்கு ஒரு மகன் இருந்ததும் உண்மை. ஆனால் அவர் துறவு பூண்டு குலக்கோயிலின் பொறுப்பில் இருந்தவர். நிழற்படை நடத்தும் ஒற்றைவெறிக் கிழவர் கோய்கேயின் படைப்பு. ஓகாமி பயின்ற சுய்யோ வாட்பள்ளியும், அவன் கையிலிருக்கும் டோதானுகி வாளைச் செய்த ஹிகோ நாட்டுக் கொல்லர் மரபும் கற்பனையல்ல. ஆனால் ஷோகனின் பெயரால் பிரபுக்களின் தலையைச் சீவும் அந்த நிரந்தரப் பதவி, கதைக்காகச் சமைக்கப்பட்டது. எடோவில் தலைவெட்டும் பணியையும் வாள் சோதிக்கும் பணியையும் தலைமுறை தலைமுறையாகச் செய்தது யமாடா அசாயேமொன் குடும்பம். அந்தக் குடும்பத்தை வைத்தே கோய்கேயும் கோஜிமாவும் பின்னர் தனியாக ஒரு தொடரைப் படைத்தார்கள்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்தத் தொடரில் வரும் சாமுராய் நெறியை அந்தக் கால சாமுராய்களின் அன்றாட வாழ்க்கை என்று நம்பிவிடக் கூடாது. நீண்ட அமைதி நிலவிய அந்த நூற்றாண்டுகளில் பெரும்பாலான சாமுராய்கள் அரிசியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு கணக்கும் கோப்பும் பார்த்த அலுவலர்கள். உயிரைத் தூசாக மதிக்கும் இந்த இறுக்கமான நெறி, பல காலத்து எழுத்துகளிலிருந்து திரட்டி, 1970களின் வாசகருக்காகக் கோய்கே இறுக்கிக் கட்டிய ஒன்று. அந்த வாசகர்களுக்கு இது வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. தொடர் தொடங்கிய அதே 1970ஆம் ஆண்டின் நவம்பர் 25 அன்று, எழுத்தாளர் யுகியோ மிஷிமா தோக்கியோ ராணுவ முகாமொன்றில் வயிற்றைக் கிழித்து, தோழர் ஒருவர் தலையை வெட்ட, உயிர்விட்டார். தொடரின் வெற்றிக்கு இந்த நிகழ்ச்சியைக் காரணமாகக் காட்டுபவர்களோடு நான் உடன்படமாட்டேன், அது ஊகம்தான். ஆனால் அன்றைய வாசகர் எந்தச் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு இந்தப் பக்கங்களைத் திறந்தார் என்பது நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இப்போது உங்களை உண்மையில் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் வாசித்த இரண்டாம் தொகுதியில் ஒரு துறவியின் கதை வருகிறது. ஏழைக் குடியானவர்கள் அவரைத் தெய்வமாக மதிக்கிறார்கள். அதனாலேயே ஆட்சியாளருக்கு அவர் இடையூறு. அவரைக் கொல்ல ஓகாமி அமர்த்தப்படுகிறான். முதல்முறை எதிரே நின்றபோது அவனால் வெட்ட முடியவில்லை. எதிர்க்கவும் இல்லை, அஞ்சவும் இல்லை, ஒளியவும் இல்லை என்ற நிலையில் நிற்பவரிடம் வாளுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. அவன் விலகிப் போய்த் தியானத்தில் அமர்கிறான். தன் பகை, நோக்கம், தான் என்ற எண்ணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் திரும்பி வந்து அவரைக் கொல்கிறான். “புத்தரைச் சந்தித்தால் புத்தரைக் கொல்” என்று ஜென் மரபில் ஒரு பழைய வாக்கு உண்டு. பற்றுகளை அறுப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்தப் போதனை, இங்கே ஒரு கூலிக் கொலைகாரனின் கையில் நேர்ப்பொருளிலேயே நிறைவேறுகிறது.

இதை நீங்கள் “கொலையைப் புனிதப்படுத்துகிறது” என்று வாசித்திருக்கிறீர்கள். அப்படி வாசிக்க இடம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் கோஜிமா வரைந்திருப்பதைப் பாருங்கள். வெற்றி பெற்றவனின் முகம் அங்கே இல்லை. அந்தத் துறவியை நம்பியிருந்த மக்களுக்கு இனி யாரும் இல்லை என்பதும் மறைக்கப்படவில்லை. தன் சொல்லைக் காக்க ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை இந்தத் தொடர் அளந்துகொண்டே போகிறது. போன தூரத்தை நாம் மெச்ச வேண்டும் என்று ஒருமுறைகூடக் கெஞ்சுவதில்லை. ஓகாமியே தன்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்வதில்லை. நரக வழியில் நடக்கிறேன் என்று அவன் சொல்வது வீரவசனம் இல்லை, தன்னைப் பற்றிய அவனுடைய தீர்ப்பு அது. அவனை நீங்கள் வெறுத்தபடியே வாசிக்கலாம். பல அத்தியாயங்களில் நான் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

அவனை விட்டு விலகாமல் நம்மை நிறுத்துவது டைகோரோ. முதல் தொகுதியின் இறுதியில் வரும் முன்கதையில், இன்னும் நடக்கவே தெரியாத அந்தக் குழந்தையின் முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் தகப்பன் வைக்கும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். பந்தைத் தொட்டால் இறந்துபோன தாயிடம் அனுப்பிவைப்பேன், வாளைத் தொட்டால் என்னோடு நரக வழியில் வா என்கிறான். குழந்தை தவழ்கிறது. கோஜிமா இதை அவசரமே இல்லாமல் கட்டம் கட்டமாக நீட்டுகிறார். பந்தின் மேல் குழந்தையின் பார்வை. பிறகு வாளின் மினுக்கம். பிறகு தவழும் சிறு கைகள். குழந்தை வாளைத் தொடுகிறது. இதைத் தகப்பன் மகனின் தேர்வு என்று ஏற்றுக்கொள்கிறான். வாசிக்கிற நமக்கோ, மினுங்கும் பொருளை நோக்கிப் போன குழந்தைக்கு எந்தத் தேர்வும் தரப்படவில்லை என்பது தெரியும். இந்த இடைவெளியை ஆசிரியர்கள் மூடவே இல்லை. அடுத்த இருபத்தேழு தொகுதிகளும் அந்தத் திறந்த இடைவெளியின் மேல்தான் நிற்கின்றன.

நான்காம் தொகுதியில் ‘பிரிவுப் பனி’ என்று சொல்லத்தக்க தலைப்பில் ஓர் அத்தியாயம் வருகிறது. நீங்கள் இன்னும் அதை எட்டவில்லை. குறித்த நேரத்தில் தகப்பன் திரும்பி வரவில்லை. டைகோரோ தனியாகக் கிளம்பி, தகப்பன் போகக்கூடிய கோயில்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு நடக்கிறான். பக்கங்கள் அநேகமாக மௌனமாகவே போகின்றன. வழியில் அவனைப் பார்க்கும் ஒரு வாள்வீரன், அந்தச் சிறுவனின் கண்களில், சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே நின்று பழகியவர்களிடம் மட்டும் காணக்கூடிய பார்வை இருப்பதைக் கண்டு திகைத்துப் பின்தொடர்கிறான். காய்ந்த வயலுக்குக் குடியானவர்கள் தீ வைக்கிறார்கள். சிறுவன் தீயின் நடுவில் மாட்டிக்கொள்கிறான். அழைத்தால் காப்பாற்றலாம் என்று வீரன் காத்திருக்கிறான். சிறுவன் அழைக்கவில்லை. மண்ணைத் தோண்டி அந்த ஈரத்தில் தன்னைப் புதைத்துக்கொண்டு தீ கடந்து போகும்வரை கிடக்கிறான். பிழைத்து எழுகிறான். வீரனுக்கு அது வியப்பாக இருக்கிறது. எனக்கோ, அழத் தெரியாமல் போன ஒரு குழந்தையைப் பார்க்கும் துயரம்தான் எஞ்சியது. ஒரே காட்சி இரண்டையும் ஒன்றாகத் தருகிறது, எதைத் தேர்ந்துகொள்வது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. இந்த அத்தியாயத்தை வாசித்த பிறகும் தொடர் உங்களைத் தொடவில்லை என்றால், மேற்கொண்டு வாசிக்கும்படி நான் வற்புறுத்தமாட்டேன்.

அதோடு, டைகோரோ பல அத்தியாயங்களில் வெறும் குழந்தையாகவே இருக்கிறான் என்பதையும் சொல்ல வேண்டும். தும்பியைத் துரத்துகிறான், பனியில் விளையாடுகிறான், பசித்தால் சோற்றுப் பானையைப் பார்க்கிறான். முதல் தொகுதியிலேயே, பிள்ளையை இழந்து மனம் பேதலித்த ஒருத்தி அவனைத் தன் குழந்தை என்று எண்ணி மார்போடு அணைத்துக்கொள்ளும்போது, ஓகாமி தடுப்பதில்லை. அந்தப் பெண்ணுக்காகவும், தாய்ப்பாலை அறியாமல் வளரும் மகனுக்காகவும் அவன் சற்று நேரம் காத்திருக்கிறான். தகப்பனும் மகனும் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. ஒரு குளியல், ஒரு கவளம் சோறு, மழையில் போர்த்திவிடும் வைக்கோல் அங்கி ஆகியவற்றால்தான் அவர்களுடைய பாசம் காட்டப்படுகிறது. பேசாத தகப்பன்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது என்ற உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. வார இதழில், சராசரியாக 60 பக்க அத்தியாயங்களாக, எந்த வாரம் எடுத்தாலும் வாசகருக்கு விளங்க வேண்டும் என்ற கட்டாயத்தில் எழுதப்பட்டது இது. ஒரே மூச்சில் இரண்டு தொகுதிகளை வாசித்தால் சலிப்பு வரும். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வாசித்தால் அந்த ஒற்றுமைக்குள் இருக்கும் வேறுபாடுகள் தெரியும். எடோவில் நேரம் அறிவிக்கும் மணியைக் காப்பவர், விஷம் இருக்கிறதா என்று உணவைச் சுவைத்துப் பார்ப்பவர், தெருக்கூத்து ஆடுபவர், பிக்பாக்கெட் அடிப்பவர் என்று ஒவ்வொரு கதையும் ஒரு தொழிலின் உள்ளே போய் அதன் விதிகளை விளக்குகிறது. பின்பாதியில் இந்த அமைப்பே மாறிவிடுகிறது. தனித்தனிக் கதைகள் குறைந்து, எடோவை நோக்கிய ஒரே நெடும்பயணமாகத் தொடர் இறுகுகிறது. ரெட்சுடோ வெறும் வில்லனாக இல்லாமல், தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பலிகொடுத்துத் தனியனாக நிற்கும் ஒரு கிழவராக நம் முன் வருவது அந்தப் பகுதியில்தான். பழிவாங்கும் கதை என்று தொடங்கியது, ஒரே நெறியை நம்பி எல்லாவற்றையும் இழந்த இரண்டு தகப்பன்களின் கதையாக மாறுகிறது. முடிவைச் சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்கமாட்டேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களை இந்தத் தொடர் நடத்தும் விதம் பல இடங்களில் என்னால் ஏற்க முடியாதது. வன்புணர்ச்சி, கதையை நகர்த்தும் உத்தியாக மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. உறுதியோடு படைக்கப்பட்ட பெண்களும் பெரும்பாலும் அத்தியாயத்தின் இறுதிக்குள் இறந்துவிடுகிறார்கள். இது அன்றைய வயதுவந்தோர் இதழ்களின் பொதுவான போக்கு என்பது விளக்கம்தான், சமாதானம் ஆகாது. தனியொருவன் படைகளையே வெட்டிச் சாய்ப்பதும், வண்டிக்குள்ளிருந்து துப்பாக்கிகள் முளைப்பதும் கோஜிமாவின் படங்களில் இருக்கும் நம்பகத்தன்மையோடு ஒட்டாமல் நிற்கின்றன. இளையவர்களுக்குக் கொடுக்கத்தக்க நூல் இது இல்லை.

நீங்கள் வாசித்தது ஆங்கிலப் பதிப்பு என்பதால் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஜப்பானில் வலமிருந்து இடமாக வாசிக்கும்படி வரையப்பட்ட பக்கங்கள், ஆங்கிலத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடப்பட்டிருக்கின்றன. அதனால் வலக்கை வீரர்கள் எல்லாரும் இடக்கையால் வாள் சுழற்றுகிறார்கள். உயிரோடிருப்பவர்கள் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலாக மடித்துக் கட்டுவதே ஜப்பானிய வழக்கம். வலப்பக்கம் மேலே வரும்படி கட்டுவது பிணத்துக்கு. திருப்பி அச்சிட்டதில் எல்லாருமே பிணத்துக்குரிய மடிப்போடு நடமாடுகிறார்கள். வாசிப்பு இதனால் கெட்டுவிடாது என்றாலும், உடையையும் வாளையும் பார்த்து நீங்கள் ஏதாவது முடிவுக்கு வருவதாக இருந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

புகழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1972 முதல் 1974 வரை, தொமிசாபுரோ வாகாயாமா நடிப்பில் ஆறு திரைப்படங்கள் வந்தன. தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அமெரிக்காவில் 1987இல் முதன்முறை வெளியானபோது தொடக்க இதழ்களுக்கு அமெரிக்கக் காமிக்ஸ் கலைஞர் ஃபிராங்க் மில்லர் அட்டைப்படம் வரைந்தார். அந்தப் பதிப்பு பாதிகூட எட்டாமல் நின்றது. டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2000 முதல் 2002 வரை 28 தொகுதிகளையும் முழுதாகக் கொண்டுவந்தது. கோய்கே 1977இல் தொடங்கிய பயிற்சிப் பட்டறையில் பயின்றவர்களில் பின்னாளில் புகழ்பெற்ற மாங்கா படைப்பாளி ருமிகோ தகாஹாஷியும் ஒருவர். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆபத்தின் நடுவே பயணிக்கும் தகப்பன் என்ற உருவம் பிற்கால அமெரிக்கக் காமிக்ஸிலும் தொலைக்காட்சியிலும் பலமுறை வந்துவிட்டது. அவற்றில் சில படைப்பாளிகள் இந்தத் தொடருக்குக் கடன்பட்டதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவற்றையெல்லாம் இதன் பிள்ளைகள் என்று கணக்கெழுதுவது மிகை. உங்களுக்கு ஒரு வகையில் இது பாதகமாகவும் அமைந்திருக்கலாம், ஏனென்றால் நகல்களை ஏற்கனவே பார்த்துவிட்டவருக்கு மூலத்தின் முதல் பக்கங்கள் பழகியதாகத் தோன்றும்.

ஆகவே என் யோசனை இது. மூன்றாம் தொகுதியில், ஓகாமியின் வீழ்ச்சியை முழுதாகச் சொல்லும் ‘இரு ஆறுகளுக்கிடையே வெள்ளைப் பாதை’ அத்தியாயத்தை முதலில் வாசியுங்கள். ஒரு பக்கம் நெருப்பாறு, மறுபக்கம் நீராறு, நடுவில் நான்கைந்து விரற்கடை அகலமே உள்ள வெள்ளைப் பாதை என்ற பௌத்த உவமையிலிருந்து வந்த தலைப்பு அது. தகப்பன் ஏன் அந்த வண்டியைத் தள்ளத் தொடங்கினான் என்பது அங்கேதான் ஒழுங்காகச் சொல்லப்படுகிறது. அதன் பிறகு நான்காம் தொகுதியில் நான் குறிப்பிட்ட அத்தியாயத்துக்குப் போங்கள். வசனம் இல்லாத பக்கங்கள் வரும்போது புரட்டாமல் நின்று, டைகோரோ எங்கே பார்க்கிறான் என்பதை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கவனியுங்கள். அந்த இரண்டு அத்தியாயங்களையும் முடித்த பிறகும் தகப்பன் மேல் உங்களுக்குக் கோபம் தீராமல் இருந்தால், அந்தக் கோபத்தோடேயே ஐந்தாம் தொகுதியை எடுக்கலாம்.